தாழப் பறந்த பயிற்சி விமானம்: செத்த கோழிக்கு யாரிடம் நட்டஈடு?

கேள்வி: திருகோணமலைச் சீனக்குடாவுக்குக் கிட்ட முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். விமானப்படைப் பயிற்சி விமானமொன்று கொட்டகைக்கு மேலால் தாழப் போனதில் கோழிகள் வெருண்டு ஒரு மூலையில் குவிந்து, 43 மூச்சடைத்துச் செத்தன. நடந்து 19 நாள். பொலிஸில் பதிந்ததோடு சரி. கொழும்பில் வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் திகதியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த மாதக் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்: முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும்.

ஆனாலும் நட்டத்தை மீட்க, உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்கு அலைவதைவிட மாவட்ட நீதிமன்றமே உங்களுக்குப் பொருத்தம் என்பேன். அரச அலுவலரின் கவனயீனத்துக்கு அரசு பொறுப்பு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவுப்படி சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுத்த பிறகுதான் வழக்கிடலாம். மொத்தக் காலவரையறை இரண்டு வருடம்.

"சத்தம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். தேசிய பாதுகாப்பு என்ற ஒரு பதிலில் அது அடிபட்டுப் போகும். உயரத்தையும் நட்டத்தையும் பிடியுங்கள். சிவில் விமானம் நெருக்கமான குடியிருப்பின் மேல் 1000 அடிக்கும், மற்ற இடங்களில் 500 அடிக்கும் கீழே பறக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை இராணுவ விமானங்களுக்கு விலக்களிப்பதால், சிவில் விமான அதிகாரசபைக்கு எழுதிப் பயனில்லை. ஆனால் நியாயமான கவனம் எது என்று வாதாட அந்த எண் உதவும்.

உயரத்தை ஓரளவு நீங்களே கணிக்கலாம். பிடி-6 பயிற்சி விமானத்தின் இறக்கை, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, ஏறத்தாழ 10.2 மீட்டர். கண்ணிலிருந்து 60 சென்ரிமீட்டர் தள்ளி அடிமட்டத்தை நீட்டிப் பிடியுங்கள். தலைக்கு நேர்மேலே போகும்போது இறக்கை 4 சென்ரிமீட்டர் தெரிந்தால் தூரம் 153 மீட்டர், அதாவது 500 அடி. அதற்கு மேல் அகலமாகத் தெரிந்தால் இன்னும் தாழ்வு. சரிந்து போகும்போது அளந்தால் கணக்குப் பிழைக்கும். நேரம் பதியும் வீடியோவும் எடுங்கள்.

அரச கால்நடை வைத்தியரின் அறிக்கை இருக்கிறதா? இல்லாமல் புதைத்திருந்தால், அன்றைய படங்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், முன்னும் பின்னும் தலா ஒரு மாத முட்டைக் கணக்குக் கொப்பி ஆகியவற்றைச் சேருங்கள். இனிச் செத்தால் அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

விமானப்படைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் தமிழிலேயே முறையிடுங்கள். கூடவே அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு கோரிக்கை. எந்த விமானம், யார் ஓட்டினார் என்று கேட்டால் பாதுகாப்பைக் காட்டி மறுப்பார்கள். குடியிருப்பின் மேல் பயிற்சிக்கான ஆகக் குறைந்த உயரம் என்ன, என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும்; மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்.