385 பேர் போதுமா?

கேள்வி: மருத்துவபீட விரிவுரையாளர் நான். நுவரெலியா தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை எவ்வளவு பரவியுள்ளது என்று ஆராயப்போகிறேன். எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்று சூத்திரத்தில் போட்டால் 385 பேர் வருகிறது. போதுமா?
- வாசகி, கண்டி

பதில்: போதாது. பரவல் 50%, வழு 5%, நம்பிக்கை மட்டம் 95% என்று வைத்து, ஆட்களைத் தனித்தனியே குலுக்கி எடுத்தால்தான் 385 சரி. நீங்களோ தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்களுக்கு டிவிஷன் டிவிஷனாகப் போகப்போகிறீர்கள். ஒரே லயத்துக்காரர்களின் (வரிசை வீட்டுக்காரர்களின்) சாப்பாடும் தண்ணீரும் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இருபது பேரைப் பார்த்தாலும் இருபது பேருக்குரிய தகவல் தேறாது. டிவிஷனுக்கு 20 பேர், கொத்துக்குள் ஒப்புமை (ஒரே டிவிஷன்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று கொண்டால், 385ஐ 1 + (19 × 0.05) = 1.95 ஆல் பெருக்க வேண்டும்: 751. பத்து வீதத்தினர் விடுபடுவார்கள் என்று 0.9 ஆல் வகுத்தால் 835, அதாவது 42 டிவிஷன்கள். டிவிஷனுக்குப் பத்துப் பேர் என்றால் மொத்தம் 622 ஆக இறங்கும், ஆனால் 63 டிவிஷன்கள் ஏறி இறங்க வேண்டும். வான் செலவைப் பார்த்து முடிவெடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். நுவரெலியா நகரமே 1800 மீட்டருக்கு மேல். அங்கே ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதல். உயரத்துக்கேற்பத் திருத்தாவிட்டால் சோகை குறைவாகத் தெரியும். டிவிஷன்தோறும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை வாங்கும் கங்காணியை வைத்து ஆட்களைக் கூப்பிடாதீர்கள். மறுக்க முடியாமல் தருவது சம்மதமில்லை. நெறிமுறைக் குழு முதலில் கேட்பதே அதைத்தான்.