லடாக் வரலாறு படிக்க நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள், பி.காம். வேண்டாம், பி.ஏ. வரலாறு படித்து லடாக்கின் இடைக்கால வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. போடும், ஆனால் அவள் திபெத்திய மொழி படிக்க வேண்டும். எம்.ஏ.வுக்கு அப்புறம் அல்ல, கல்லூரியின் முதல் வருடத்திலிருந்தே.

முன்பு இதே மாதிரி ஆசையோடு வந்த ஒரு மாணவரிடம், "முதலில் எம்.ஏ. முடி, மொழியைப் பிறகு பார்க்கலாம்" என்று சொன்னேன். அது என் தவறு. ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் மூல ஏடுகளில் ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் அவர் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

மொழி ஏன் அவசியம் என்பதற்கு ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். லே நகருக்கு மேற்கே, சிந்து நதிக்கரையில் அல்சி என்ற கிராமத்தில் மூன்றடுக்குக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே ஆளைப்போல் இரண்டு மடங்கு உயரமான அவலோகிதேசுவரர் (கருணையின் போதிசத்துவர்) சிலை. அதன் இடுப்பு வேட்டி முழுக்கக் குட்டிக் குட்டிக் கோயில்கள், மாளிகைகள், குதிரையில் போகிறவர்கள் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். காஷ்மீர் பாணி ஓவியம் அது. காஷ்மீரத்திலேயே அந்தக் காலத்து ஓவியம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், லடாக்கில்தான் பிழைத்திருக்கிறது.

அல்சியைக் கட்டியவர் திபெத்திய மொழிபெயர்ப்பாளரான பௌத்தத் துறவி ரின்சென் சங்போ (958–1055) என்பது ஊர் மரபு. ஆனால் அந்தக் கோயிலின் மேல் தளச் சுவரில் ஒரு குரு பரம்பரை திபெத்திய எழுத்தில் பெயர்களோடு தீட்டப்பட்டிருக்கிறது. அந்த வரிசை ஜிக்தென் கோன்போ என்ற திபெத்திய குரு வரை வருகிறது. அவர் காலம் 1143 முதல் 1217 வரை. அப்படியானால் கோயில் 11ஆம் நூற்றாண்டு அல்ல, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அறிஞர்கள் பலர் கணித்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓவியத்தைப் பார்த்து வியப்பவர்கள் ஏராளம். அந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் மகளின் இடம் அந்தக் கொஞ்சம் பேரில் இருக்கிறது.

இன்னொன்று. 1320இல் காஷ்மீர் அரியணையில் ஏறி, இஸ்லாத்தைத் தழுவிய ரிஞ்சன் லடாக் பக்கத்திலிருந்து வந்தவர். அவரைப் பற்றி சமஸ்கிருதத்தில் காஷ்மீர் வரலாற்றாசிரியர் ஜோனராஜர் எழுதியிருக்கிறார், பாரசீக வரலாறுகளும் பேசுகின்றன. எல்லைப்புற வரலாறு என்றால் இப்படித்தான், ஒரே ஆளைப் பிடிக்க மூன்று மொழி தேவைப்படும். மூன்றையும் இப்போதே படிக்கச் சொல்லவில்லை. திபெத்தியம் முதலில்.

அந்த மொழியைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் எழுத்தும் பிராமி வழி வந்ததுதான். நம் க, ங, ச, ஞ, த, ந, ப, ம எல்லாம் அதே வரிசையில் அங்கேயும் வரும், நடுவில் சில எழுத்துகள் கூடுதல். நாம் "ஙப்போல் வளை" என்பதோடு விட்டுவிட்ட "ங"வுக்கு அங்கே பெரிய மரியாதை. "ங" என்றால் "நான்" என்று பொருள்.

சரி, எங்கே படிப்பது? பி.ஏ. வரலாறு வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல கல்லூரி எதுவானாலும் போதும். மொழிக்கு தர்மசாலாவில் உள்ள திபெத்திய நூல்கள், ஆவணங்களுக்கான நூலகம் வகுப்பு நடத்துகிறது. மேற்படிப்புக்கு சாரநாத்தின் மத்திய உயர் திபெத்தியக் கல்வி நிறுவனம், சாந்திநிகேதனின் இந்திய-திபெத்தியத் துறை, லேக்கு அருகே சோக்லம்சரில் மத்திய பௌத்தக் கல்வி நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஆய்வுக்கு லடாக் அல்லது ஸ்பிதியை எடுப்பது நல்லது. 996இல் எழுந்த தாபோ மடாலயம் ஸ்பிதியில், ஹிமாசலப் பிரதேசத்துக்குள்ளேயே இருக்கிறது. லடாக்கை ஆண்ட வம்சத்தின் இன்னொரு கிளை ஆண்ட குகே, மேற்குத் திபெத்தில், இன்று சீனாவின் கட்டுப்பாட்டில். அங்கே களப்பணிக்கு அனுமதி வாங்குவது பெரும் பாடு.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பிஎச்.டி. முடிக்க இருபத்தெட்டு, முப்பது வயது ஆகிவிடலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அது கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். அருங்காட்சியகம், சுவரோவியப் பாதுகாப்பு, சுவடிகளை மின்னுருவாக்குவது, மொழிபெயர்ப்பு என்று வேறு வாசல்களும் உண்டு. எதுவும் அமையாவிட்டால் பட்டம் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. எழுதலாம். அப்பாவிடம் இந்தக் கடைசி வரியை முதலில் காட்டுங்கள்.

குளிரையும் மூச்சுத்திணறலையும் நினைத்துக் கவலைப்பட்டிருந்தீர்கள். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போனவுடன் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு பழகிவிடும். அதுவும் இன்னும் சில வருடம் கழித்துத்தானே.

அடுத்த மாதம் வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். அதற்குள் திபெத்திய எழுத்துகள் முப்பதையும் பார்க்காமல் எழுதப் பழகச் சொல்லுங்கள். என் முன்னால் உட்கார்ந்து எழுதிக் காட்டட்டும், மீதியை அவளிடமே பேசிக்கொள்கிறேன்.