பன்னிரண்டு பேர் இருக்கும்போதே

ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். தமிழில் எழுதும் ஒரு சின்ன நிரல்மொழியை ஐந்து வருடமாகச் செய்துவருகிறேன். இன்னும் வெளியிடவில்லை. மாதம் ஒரு வெளியீடு விட்டுக்கொண்டே இரு என்கிறான் நண்பன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டால் பூவைத் திருத்த முடியுமா, முழுசாக முடித்துத்தான் விடுவேன் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? மொழிக்குச் சின்னமாக நம்ம ஊர் ஓலைக் கூடை, கொட்டான், வைக்கலாமா?

மெய்.

அன்புள்ள மெய்.,

கொட்டான் வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆத்தங்குடிக் கல்லைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சாயத்தைக் கண்ணாடிமேல் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். பூ கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கும். செய்கிறவர் பார்ப்பது முதுகை. கல் இறுகிக் கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். நீங்கள் ஐந்து வருடமாக முதுகையே தடவிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தர்கூட எழுதிப் பார்க்காத மொழியில் எது முழுசு என்று எப்படித் தெரியும் தம்பி? பெர்ல் என்ற நிரல்மொழியின் ஆறாம் பதிப்பை, பெர்ல் 6-ஐ, 2000இல் அறிவித்தார்கள். முதல் நிலையான வெளியீடு 2015 கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது. அதற்குள் பலர் வேறு மொழிக்குக் குடிபோய்விட்டார்கள்.

உங்கள் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் வந்தபோது நான் எங்கள் ஊர்க் கோயில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திருப்பணிச் செலவைப் புள்ளிவாரியாக, அதாவது குடும்பவாரியாக, பங்கிடும் நிரல். பைத்தான் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு, பைத்தான் 2, இருந்த காலத்தில் எழுதியது. பங்கு முழு ரூபாயாக வரும், மிச்சம் உண்டியலுக்கு. புதுக் கணினியில் பைத்தான் 3இல் ஓட்டினோம். விடையைக் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி எங்கே என்று கத்தியது. போட்டோம், ஓடிவிட்டது. வகுத்தல் மாறியதைப் பற்றி மூச்சு விடவில்லை. பழையதில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3; புதியதில் 3.5. பட்டியலைப் பார்த்த அண்ணன் ஒருவர், "என்னப்பா, நம்ம புள்ளிக்குப் பின்னால இவ்வளவு எண்ணு ஓடுது?" என்றார். கத்திக்கொண்டு உடைவதைச் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் விடை மாறுவது இருக்கிறதே, அதுதான் துரோகம்.

அதற்காகத் திட்டவும் மனம் வரவில்லை. அதே மாற்றத்தில்தான் நம் எழுத்துக்கு விடிவு வந்தது. பைத்தான் 2இல் 'தமிழ்' என்று சும்மா மேற்கோளுக்குள் போட்டு நீளம் கேட்டால், கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை எண்ணி 15 என்னும். பைத்தான் 3, இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, ஐந்து என்கிறது. எங்கள் ஆயாவைக் கேட்டால் மூன்று என்பார். அந்த வம்பு இன்னொரு நாளைக்கு. மாற்ற வேண்டியதுதான். ஆனால் 2008 டிசம்பரில் 3.0 வந்தும், பழையதை மூட 2020 ஜனவரி ஆயிற்று. பதினோரு வருடம் இரண்டையும் சுமந்தார்கள், அத்தனை பேர் அதை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்ததால்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், நிரல் கோப்புகளைச் சேர்த்துக் கட்டித் தரும் மேக் என்ற கருவியை எழுதினார். அதற்கு எழுதும் கட்டளை வரி, டேப் விசை போடும் இடைவெளியில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தது தொல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். இன்றைக்கும் டேபுக்குப் பதில் எட்டு இடைவெளி வைத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் அன்றைக்கு ஒரு மத்தியானம் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதானே! உங்களிடம் அந்தப் பன்னிரண்டு பேர்கூட இல்லை. பழைய நிரல் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று இப்போது உடைக்காமல் எப்போது உடைக்கப் போகிறீர்கள்?

மாதமா, வருடமா என்பது உங்கள் சௌகரியம். ரஸ்ட் என்ற நிரல்மொழி 2015 மே மாதம் 1.0 என்று அறிவிக்கும்வரை இஷ்டத்துக்கு உடைத்தது. அப்புறம் ஆறு வாரத்துக்கொரு வெளியீடு. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றத்துக்கு எடிஷன் என்று தனி வழி, வேண்டியவர் மட்டும் மாறிக்கொள்ளலாம். நீங்களும் 0.1 என்று பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்பு எண்ணைப் போட்டு வெளியே விடுங்கள். உடைப்பேன் என்று முன்பக்கத்திலேயே எழுதுங்கள்.

சரி, எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அந்தக் கோயில் கணக்கை அதில் எழுதிப் பார்க்கிறேன். வகுத்தலில் மிச்சம் எங்கே போகிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பங்குனிக்குள் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும்.