வீட்டுக்குள் இருக்கும் பழைய மர உத்திரத்துக்கு எந்த நிற ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடிக்கலாம்? மேலே பளபளப்பான வார்னிஷ் போடலாமா?

நிறத்தை நீங்கள் மனதில் வைத்திருப்பதைவிட ஒரு படி வெளிறியதாக எடுங்கள். பளபளப்பு வேண்டாம், மேட், அதாவது மினுமினுப்பு இல்லாத வார்னிஷ் போதும்.

எங்கள் வீட்டு உத்திரத்துக்கு நானே ஏணி போட்டு ஏறி ஸ்டெயின் அடித்தேன். முதல் முறை கெட்டுப்போய், சுரண்டி எடுத்து, மறுபடி அடித்தேன். அதனால் எங்கே தவறும் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நிறத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். நான் ஒரு துண்டுக் கட்டையில் ஸ்டெயினைத் தடவி, வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. அதே டப்பாவை உத்திரத்தில் அடித்ததும் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. காரணம் இதுதான்: உத்திரத்தின் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படுமே தவிர அடியில் நேராக விழாது. பின்னால் வெள்ளைக் கூரை இருந்தால் இன்னும் கறுப்பாகத் தெரியும். அதனால் சோதனையை உத்திரத்திலேயே செய்யுங்கள். சுவரை ஒட்டிய மூலையில், கண்ணில் படாத பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு மூன்று நான்கு நிறங்களைத் தடவுங்கள். காய்ந்ததும் மேலே போடப்போகிற வார்னிஷையோ எண்ணெயையோ அதன்மேல் ஒரு பூச்சு போடுங்கள், ஏனென்றால் அதுவும் நிறத்தை ஆழமாக்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை நம்பவே வேண்டாம். ஒரே ஸ்டெயின் பைன் மரத்தில் ஒரு நிறம், தேக்கில் வேறொரு நிறம்.

இதற்கெல்லாம் முன்னால் ஏணியில் ஏறி உத்திரத்தை நன்றாகப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்து, தொட்டால் மாவு மாதிரி புதிதாகத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டைக் கொல்லும் போராக்ஸ் வகை மருந்து வெறும் மரத்தில்தான் ஊறும். வார்னிஷ் போட்ட பிறகு அடித்துப் பயனில்லை, ஆகவே அதை முதலில் முடியுங்கள். பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெரிய கேடு.

அடுத்தது தேய்ப்பது. தயவுசெய்து இங்கே அவசரப்பட்டு மெஷினைக் கையில் எடுக்காதீர்கள். பழைய உத்திரத்தின் மதிப்பே அதன் முரட்டுத்தனத்தில்தான் இருக்கிறது. எங்கள் உத்திரத்தில் வாய்ச்சி, அதாவது ஆசாரியின் செதுக்கும் கருவி, கொத்திய தழும்புகள் வரிசையாக, மீன் செதில் மாதிரி இருந்தன. விரலை ஓட்டினால் ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகத் தட்டுப்படும். வேகமாகச் சுற்றும் சாண்டரை (தேய்க்கும் மெஷினை) வைத்தால் ஐந்து நிமிடத்தில் அதெல்லாம் போய், கடையில் வாங்கிய பலகை மாதிரி ஆகிவிடும். முதலில் பிரஷ் போட்டு ஒட்டடையும் புகைக்கரியும் போக உதறுங்கள். பித்தளைக் கம்பி அல்லது நைலான் பிரஷ் நல்லது. இரும்புக் கம்பி பிரஷின் நுண்துகள் மரத்தில் தங்கினால், பிறகு ஈரம் பட்டதும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புப் புள்ளிகளாகக் கிளம்பும். பிறகு 80 எண் உப்புத்தாள், அதன்பின் அதைவிட நயமான 120. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, கையால் தேயுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 220 வரை போய் வழுவழுப்பாக்கினால் மரம் ஸ்டெயினைச் சரியாக வாங்காது. அறுத்த முனை வெளியே தெரிந்தால் அங்கே மட்டும் கூடுதலாகத் தேயுங்கள், ஏனென்றால் முனை ஸ்டெயினை அதிகமாக உறிஞ்சிக் கறுத்துவிடும்.

வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைக்க வேண்டாம். பருவத்துக்குப் பருவம் மரம் சுருங்கி விரியும், பட்டி பெயர்ந்து விழும். விழாவிட்டாலும் அது மரத்தைப் போல ஸ்டெயினை ஏற்காமல் திட்டாகத் தெரியும். காய்ந்த மரத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருப்பது இயல்புதான். ஆனால் ரேகைக்குக் குறுக்கே முறிவு மாதிரி தெரிந்தால், அல்லது உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தால், ஸ்டெயினை மறந்துவிட்டு விவரம் தெரிந்த ஆசாரியையோ பொறியாளரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஸ்டெயின் அடிக்கும்போது பிரஷைவிடத் துணிதான் வசதி. தலைக்கு மேலே வேலை என்பதால் பிரஷிலிருந்து முழங்கை வரை வழியும். பழைய பருத்தித் துணியை ஸ்டெயினில் தொட்டு, பிழிந்து, ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒரு கை நீளம் ஒரு கை நீளமாகத் தடவுங்கள். எண்ணெய் வகை ஸ்டெயின் என்றால் ஐந்து பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட இடம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். நான் இதைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் வெடிப்புகளை மறந்துவிட்டேன். துடைத்து முடித்துச் சாப்பிடப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வெடிப்புக்குள் தேங்கியிருந்த ஸ்டெயின் மெல்லக் கசிந்து, கண்ணீர்க் கோடு மாதிரி பக்கவாட்டில் இறங்கி அப்படியே உறைய ஆரம்பித்திருந்தது. வெடிப்புகளுக்குள் துணி முனையைச் செருகி ஒற்றி எடுங்கள். வேலை முடிந்தபின் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்துத் துடையுங்கள்.

பைன் மாதிரி மென்மரம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அது ஸ்டெயினைத் திட்டுத்திட்டாக வாங்கும், கணுக்களிலிருந்து பிசினும் கசியும். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை, அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, நன்றாக நீர்க்கவிட்டு ஸ்டெயினுக்கு முன் ஒரு பூச்சு கொடுத்தால் திட்டு குறையும்.

இப்போது வார்னிஷ். தரைக்கும் மேசைக்கும் பாலியூரிதேன் என்கிற கெட்டியான வார்னிஷ் வேண்டும், காலும் பாத்திரமும் படுவதால். உத்திரத்தை யார் தொடப்போகிறார்கள்? தடித்த பூச்சு அங்கே தேவையில்லை. பளபளப்பு போட்டால் விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பட்டுத் தெறிக்கும், மரம் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி தெரியும். தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் மெலிதாக இரண்டு பூச்சு போதும், அது மஞ்சளாகவும் மாறாது. எண்ணெய் ஸ்டெயினுக்கு மேல் போடுவதானால் ஸ்டெயின் முழுதாகக் காய வேண்டும், இரண்டு மூன்று நாள் பொறுங்கள். மேட் டப்பாவைக் குலுக்காமல் அடிவரை கலக்குங்கள். மினுமினுப்பைக் குறைக்கும் பொருள் அடியில்தான் தங்கியிருக்கும். வார்னிஷுக்குப் பதில் தேன்மெழுகும் பூசலாம், அதுதான் எனக்குப் பிடித்த முடிப்பு. ஆனால் சமையலறை உத்திரத்துக்கு வேண்டாம், எண்ணெய்ப் புகையும் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும். மெழுகு பூசிய பிறகு மனம் மாறி வார்னிஷ் அடித்தாலும் ஒட்டாது.

அன்றைய வேலை முடிந்ததும் ஒரே ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. எண்ணெய் ஸ்டெயினோ ஆளிவிதை எண்ணெயோ தொட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூட்டைக் கிளப்பும். குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பு வைக்காமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் விரித்து, வெளியே நிழலில் தனித்தனியாகக் காயப்போடுங்கள். விறைத்துக் கெட்டியான பிறகுதான் குப்பைக்குப் போகலாம். இடமில்லை என்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.