கணினி கேள்வி பதில்: விர்ச்சுவல் மெஷினில் நெட் வராதபோது

கேள்வி: ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உபுண்டு வைத்திருக்கிறேன். ஆரணியில் எங்கள் வீட்டு வைஃபையில் பிரிட்ஜ்டு மோடில் ஒழுங்காக ஓடியது. ஹாஸ்டல் வைஃபையில் ஐபி முகவரியே வாங்க மாட்டேன் என்கிறது. உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பயனில்லை.
— மாணவி, காட்பாடி

பதில்: உபுண்டு மேல் பழி போடாதீர்கள், அது பாவம். பிரிட்ஜ்டு மோடில் உங்கள் விர்ச்சுவல் மெஷின், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் அந்த உபுண்டு கம்ப்யூட்டர், தனி ஐபி முகவரி கேட்டு இன்னொரு கம்ப்யூட்டராக வைஃபைக்குள் நுழையப் பார்க்கிறது. வீட்டு ரௌட்டர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் ஹாஸ்டல் வைஃபை அப்படி இல்லை. லாகின் செய்த லேப்டாப்புக்கு மட்டும்தான் அனுமதி. ஒரே கேட் பாஸில் இரண்டு பேர் உள்ளே போக முடியாது.

மெஷினை ஆஃப் செய்துவிட்டு செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1 என்று போய் ‘அட்டாச்டு டு’வில் நேட் (NAT) என்று மாற்றுங்கள். ‘கேபிள் கனெக்டட்’ டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது 10.0.2.15 என்ற முகவரி வரும். வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2. இனி வெளியே போகிற எல்லாமே லேப்டாப்பின் பெயரில்தான் போகும்.

நேட்டில் ஒரு குறை உண்டு. வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது. உபுண்டுவில் ஓடும் வெப் சர்வரை லேப்டாப் பிரவுசரில் பார்க்க, அதே பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட் (லேப்டாப்) போர்ட் 8080, கெஸ்ட் (உள்ளே ஓடும் உபுண்டு) போர்ட் 80 என்று ஒரு வரி சேருங்கள். அப்படியும் திறக்கவில்லையென்றால், சர்வர் 127.0.0.1-இல், அதாவது தனக்குள் மட்டும், காது வைத்திருக்கலாம். அப்படியானால் அதை 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும்) என்று மாற்றினால் திறக்கும்.

கேள்வி: லேப் பயிற்சிக்காக ஒரு உபுண்டு சர்வரை குளோன் செய்து இரண்டாக்கினேன். இரண்டுக்கும் ஒரே ஐபி. ஒன்றையொன்று பிங் செய்ய (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்க) முடியவில்லை.
— வாசகர், குடியாத்தம்

பதில்: இதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, சாதாரண நேட்டில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி அறையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 10.0.2.15தான் கிடைக்கும், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. ‘நேட் நெட்வொர்க்’ என்பது வேறு. விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் நெட்வொர்க் மேனேஜரில் ஒரு நேட் நெட்வொர்க் உருவாக்கி, இரண்டு மெஷின்களையும் அதில் மாட்டுங்கள். இணையமும் வரும், ஒன்றோடொன்று பேசவும் செய்யும்.

மாட்டிய பிறகும் இரண்டுக்கும் ஒரே ஐபி வரலாம். பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றினாலும் தீராது, ஏனென்றால் உபுண்டு சர்வர், ஐபி பங்கிடும் டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மேக்கை வைத்து அல்ல, இடிசி (/etc) ஃபோல்டரில் உள்ள மெஷின்-ஐடி (machine-id) கோப்பை வைத்து. குளோன் செய்யும்போது அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிடுகிறது. குளோனில் சூடோ (அட்மின்) அனுமதியோடு அந்தக் கோப்பைக் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், புது எண் தானாக உருவாகும். கோப்பையே நீக்கிவிட வேண்டாம். உள்ளே இருப்பதை மட்டும் அழித்தால் போதும். குளோன் செய்யும்போதே எல்லா அடாப்டருக்கும் புது மேக் முகவரி என்ற தேர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஷூ கம்பெனி ஆபீஸில் விண்டோஸ் 11 ப்ரோவில் ஹைப்பர்-வி (விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) போட்டு, அதற்குள் கணக்கு மென்பொருள் ஓடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் திறக்கிறது. பக்கத்து மேசைகளில் இல்லை. கரண்ட் போய் வந்தால் அதுவும் போச்சு.
— அக்கவுண்டன்ட், ஆம்பூர்

பதில்: ‘டிஃபால்ட் ஸ்விட்ச்’சில் மாட்டியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு நேட்தான், ஆகவே பக்கத்து மேசைகளுக்குக் கதவு மூடியே இருக்கும். போதாக்குறைக்கு ஹோஸ்ட் ரீஸ்டார்ட் ஆனால் அதன் முகவரி வரிசையே மாறிவிடலாம். நேற்று குறித்துவைத்த ஐபி இன்று செல்லாது.

ஹைப்பர்-வி மேனேஜரில் விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜரைத் திறந்து ‘எக்ஸ்டர்னல்’ ஸ்விட்ச் ஒன்று உருவாக்குங்கள். கேபிள் செருகிய லேன் கார்டையே தேர்ந்தெடுங்கள், வைஃபை வேண்டாம். ஹோஸ்டும் இந்த அடாப்டரைப் பகிரலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டால் ஹோஸ்டுக்கே நெட் போய்விடும், கை வைக்காதீர்கள். ஸ்விட்ச் உருவாகும் சில நொடிகள் இணைப்பு அறுபடும், அதனால் சாப்பாட்டு நேரத்தில் செய்யுங்கள். ரிமோட்டில் இருந்தபடி செய்வது வம்பு.

பிறகு மெஷினுக்கு நிலையான ஐபி. ரௌட்டர் 192.168.1.100 முதல் 200 வரை பங்கிட்டால், அதற்கு வெளியே 192.168.1.50 போல ஒன்றைக் கொடுங்கள். புது நெட்வொர்க்கை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை வழக்கமாகவே தடுக்கும். மென்பொருளின் போர்ட் எண்ணைக் கொடுத்து பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷனில் சோதித்துப் பாருங்கள். போர்ட் மூடியிருந்தால் மெஷினின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள். ஃபயர்வாலையே அணைத்துவைப்பது வேண்டவே வேண்டாம், கணக்குப் புத்தகம் உள்ளே இருக்கிறது.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினில் 8.8.8.8 (கூகுளின் முகவரி) பிங் ஆகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை.
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இணைப்பு இருக்கிறது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் இல்லை. ஹோஸ்டில் விபிஎன் ஓடினால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவிய பிறகு இது வந்தால், கெஸ்ட்டில் நெட்வொர்க்கை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தாலே பெரும்பாலும் போதும்.