பதில்: குடிசை இருக்கு, பட்டா இல்லை, கனவு இல்லம் கிடைக்குமா?

குடிசைக்குப் பதிலா கான்கிரீட் வீடு கட்ட தமிழக அரசு பணம் தர்ற திட்டம்தான் கலைஞரின் கனவு இல்லம். பட்டா இல்லாம அது கிடைக்காதுங்க. முதல்ல கிராம நிர்வாக அலுவலர்கிட்ட இருக்குற அ-பதிவேட்டுல (கிராமத்து நிலக் கணக்கு) உங்க இடத்தோட வகைப்பாட்டைப் பாருங்க. நத்தம்னா, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம்னா, பட்டா கேட்டு வட்டாட்சியருக்கு மனு போடுங்க. வீட்டு வரி, மின் ரசீது நகல் சேருங்க. ஏரி, ஓடைப் புறம்போக்குன்னா அந்த இடத்துக்குப் பட்டா வராது, அலையாதீங்க. வேற இடத்துல இலவச மனைப்பட்டா கேளுங்க.

பயனாளி பட்டியல்ல பேர் விட்டுப்போனா அடுத்த கிராம சபையில எழுத்துல கொடுத்து, தீர்மானப் புத்தகத்துல ஏறுதான்னு அங்கேயே பாருங்க. வாய்ச்சொல் நிக்காது.

வேலை உத்தரவு கைக்கு வராம குடிசையைப் பிரிக்காதீங்க. வீடு கட்டக் கட்டத்தான் பணம் வரும். அஸ்திவாரச் செலவுக்குக் கையில வேணும். திட்ட அளவான 360 சதுர அடியைத் தாண்டி இழுத்தா கூரை போட முடியாம நிக்க வேண்டி வரலாம்.