சூரைக் கடலுக்கு நாள் வாடகை: கேள்வி பதில்

உலகில் பிடிபடும் சூரையில் பாதிக்கு மேல் மேற்கு, மத்திய பசிபிக்கிலிருந்து வருகிறது. அந்தக் கடலில் மைக்ரோனீசியா, கிரிபாஸ் (எழுத்தில் கிரிபட்டி, அந்த ஊர்க்காரர் வாயில் கிரிபாஸ்), மார்ஷல் தீவுகள், நவ்ரு, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு என்று எட்டு நாடுகள். 1982-ல் நவ்ரு ஒப்பந்தத்தில் ஒன்றுசேர்ந்த இவர்கள், 2007 முதல் தங்கள் கடலில் சுருக்குமடிக் (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியை இறுக்கும் வலை) கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கிறார்கள். நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோக்கலாவும் இந்தத் திட்டத்தில் உண்டு. இதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

கல்லூரி ஆசிரியை, தூத்துக்குடி: சார், நாளை எப்படி விற்பார்கள்? மாணவர்களுக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்லுங்களேன்.

நியூ கலிடோனியாவின் நூமியாவில் இருக்கும் பசிபிக் சமூகம் என்ற அமைப்பின் விஞ்ஞானிகள் சூரை இருப்பைக் கணிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு எட்டு நாடுகளும் கூடி, வருஷத்துக்கு மொத்தம் எத்தனை நாள் என்று முடிவு செய்கின்றன. ஏறக்குறைய 45,000 நாள் என்ற அளவில் அது இருந்துவருகிறது. அடுத்தது பங்கீடு. ஒவ்வொரு நாட்டின் கடலிலும் எவ்வளவு மீன் நிற்கிறது, முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு மீன்பிடிப்பு நடந்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பிரிப்பார்கள். தன் பங்கை அந்தந்த நாடு கப்பல் கம்பெனிகளுக்கு விற்கும், மிஞ்சினால் பக்கத்து நாட்டுக்குக் கைமாற்றும்.

கப்பல் அந்தக் கடலில், துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் நாளெல்லாம் கணக்கில் கழியும். நாளை அளப்பது தீவின் கடிகாரத்தில் இல்லை, உலகப் பொது நேரத்தில். இல்லையென்றால் தேதிக்கோட்டுக்கு இருபுறமும் இருக்கும் நாடுகளுக்குள் கணக்கு ஒத்துவராது. கப்பலின் நீளமும் சேரும்: 50 மீட்டருக்குக் குறைவென்றால் ஒரு நாளுக்கு அரை நாள்தான் கழியும், 80 மீட்டருக்கு மேல் என்றால் ஒன்றரை நாள்.

படகு உரிமையாளர், தூத்தூர்: அண்ணே, நாளை எண்ணுறதுக்குப் பதிலா மீனை எடை போட்டு, ஆளுக்கு இவ்வளவு டன்னுன்னு ஒதுக்கிட்டா நேராப் போச்சே?

தம்பி, இந்தத் திட்டத்தின் உயிரே நீங்கள் கேட்ட இடத்தில்தான் இருக்கிறது. எடை எப்போது தெரியும்? இறக்கும்போது. மீனை இறக்குவது பாங்காக்கிலோ பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸிலோ. அதற்கு முன்னால் கையில் இருப்பது கேப்டன் எழுதிய பதிவேடு மட்டும். 40 டன்னை 30 என்று எழுதலாம், குட்டிப் பெருங்கண் சூரையை, டின்னுக்குப் போகும் சின்னச் சூரையான வரிச்சூரைக் கணக்கில் தள்ளலாம். ஏறக்குறைய 11,000 பேர் வாழும் துவாலு, அத்தனை துறைமுகத்திலும் தராசுக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்த முடியுமா?

கப்பல் எங்கே நிற்கிறது என்பதை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. கப்பலில் பூட்டிய கருவி செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், கரையில் உட்கார்ந்தே நாளைக் கழித்துவிடலாம். மீனைப் பற்றிப் பொய் சொல்ல வாய்ப்பிருக்கும்வரை கூட்டு நாடுகள் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும் ஒன்றை எண்ணினால்தான் கூட்டு நிற்கும்.

இதிலும் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, ‘இன்று பிடிக்கவில்லை’ என்ற விண்ணப்பம். இயந்திரம் பழுது, கடந்து போனோம், வானிலை சரியில்லை என்று காரணம் சொல்லி நாளைத் திரும்பக் கேட்பார்கள். வலை கட்டிவைக்கப்பட்டிருந்ததா, கப்பலின் வேகம் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது இன்னும் ஆழமானது. நாள் கூடாவிட்டாலும் ஒரு நாளில் பிடிக்கும் திறமை கூடிக்கொண்டே போகிறது. கடற்பறவைக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார், ஹெலிகாப்டர், அடியில் எத்தனை டன் நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியே சொல்லும் மிதவை எல்லாம் வந்துவிட்டன. அதனால் இன்றைய 45,000 நாளும் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய 45,000 நாளும் ஒன்றல்ல. நாள் எண்ணிக்கையை அவ்வப்போது குறைக்காவிட்டால், வரம்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

கணக்காளர், சென்னை: ஒரு நாள் என்ன விலை?

குறைந்தபட்சம் 8,000 அமெரிக்க டாலர். 2012-ல் அது 5,000. ஏலத்தில் 10,000-க்கு மேலும் போகும். பெரிய கப்பலுக்கு ஒன்றரை நாள் கழிவதால் தரைவிலையே 12,000 ஆகிவிடும். ஒரு நாள் மீன்பாடு 30 டன், டன் 1,500 டாலர் என்று வைத்தால் வரவு 45,000. அதில் 8,000 என்பது 18 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. திட்டத்துக்கு முன்பு மீன் மதிப்பில் ஐந்தாறு விழுக்காடு கிடைத்தாலே பெரிது. 2010-ல் எட்டு நாட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 6 கோடி டாலராக இருந்த வருமானம், பத்தாண்டில் 50 கோடியைத் தொட்டது.

முதுகலை மாணவர், புதுச்சேரி: ஏதாவது ஒரு நாடு ரகசியமாக விலையைக் குறைத்து விற்றுவிட்டால்?

முன்பு நடந்ததே அதுதான். ‘நீ தராவிட்டால் பக்கத்துத் தீவில் வாங்கிக்கொள்கிறேன்’ என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே மடக்கின. 1992-ல் கப்பல்களின் எண்ணிக்கைக்கு 205 என்று வரம்பு போட்டுப் பார்த்தார்கள். ஆனால் எண்ணிக்கை அப்படியே இருக்க, கப்பல்கள் பெரிதாகின. மொத்த நாளுக்கு வரம்பு வந்த பிறகு நிலைமை மாறியது. பக்கத்துத் தீவிலும் விற்பதற்கு நாள் குறைவாக இருந்தால் பேரம் பேசுகிறவனுக்குப் பிடி இல்லை. ஆனாலும் கூட்டுத் தொழில், மீன் பதப்படுத்தும் ஆலை முதலீடு என்று சொல்லிச் சில கப்பல்களுக்குச் சலுகை விலை போவது உண்டு. இந்த ஒப்பந்தங்களை முழுதாக வெளியிடாததை நான் குறை என்றே சொல்வேன்.

சட்ட மாணவி, மதுரை: 200 கடல்மைலுக்கு அப்பால் இருப்பது யாருடைய கடலும் இல்லையே. அங்கே போய்ப் பிடித்தால் இவர்களால் என்ன செய்ய முடியும்?

நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: எங்கள் கடலில் பிடிக்க வேண்டுமானால், எங்களுக்கு நடுவே தீவு போல் கிடக்கும் அந்த இரண்டு பொதுக்கடல் துண்டுகளில் வலை போடக் கூடாது. நல்ல மீன் இவர்கள் கடலில் இருக்கும்போது எந்தக் கேப்டன் மறுப்பான்? பிறகு அந்த வட்டாரத்தின் சூரை ஆணையமும் 2010 முதல் அந்த இரண்டு துண்டுகளையும் சுருக்குமடிக்கு மூடியது. பொதுக்கடல் சட்டத்தைத் தொடாமலே பொதுக்கடலை மூடியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மீன் வியாபாரி, நாகப்பட்டினம்: மிதவை போட்டு மீன் சேர்ப்பது நம் ஊரிலும் தென்னை ஓலை கட்டிச் செய்கிறதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

ஓலை கட்டுவதில் தப்பில்லை, அளவில்தான் பிரச்சினை. ஒரு சுருக்குமடி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ளது. விடியலுக்கு முன் மிதவைக்கடியில் வரிச்சூரையோடு மஞ்சள் துடுப்பு, பெருங்கண் சூரைக் குட்டிகளும் மேலே கூடி நிற்கும். மூன்றும் ஒரே வலையில் வரும். பெருங்கண் முதிர்ந்தால் ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள்) நல்ல விலைக்குப் போகிற மீன். அதைக் கையளவில் டின்னுக்கு அனுப்பினால் இன்னொருவரின் பிழைப்பு போகிறது. தன்னிச்சையாக ஓடும் கூட்டத்தில் வளைத்தால் பெரும்பாலும் வரிச்சூரையும் வளர்ந்த மஞ்சள் துடுப்பும்தான்.

ஆகவேதான் வருஷத்தில் சில மாதம் மிதவைக்குத் தடை. அந்தக் காலத்தில், மிதக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு கடல்மைலுக்குள் வலை வளைக்கக் கூடாது. மரக்கட்டையும் செத்த திமிங்கிலமும் இதில் சேர்த்தி. நீண்ட காலம் மூன்று மாதமாக இருந்த இந்தத் தடை 2024-ல் ஒன்றரை மாதமாகக் குறைந்தது. இருப்பு நன்றாக இருக்கிறது என்பது காரணம். எனக்கு அது அவசரமாகப் படுகிறது.

கடலியல் பட்டதாரி, காரைக்கால்: கப்பலில் போகும் பார்வையாளர் வேலை எப்படி, சார்?

2010 முதல் இந்தக் கடலில் ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒருவர் கட்டாயம். கொரோனாவால் 2020-ல் நிறுத்தி, 2023-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வலை வளைக்கும் முன் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும். ஒரு கடல்மைலுக்குள் என்ன மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். மீன் ஏறும்போது மாதிரி எடுத்து இனம் பிரித்து நீளம் அளக்க வேண்டும். எந்த மீன் எந்தக் கிடங்குத் தொட்டிக்குள் போனது என்பதையும் எழுத வேண்டும். மிதவை இல்லாமல் பிடித்தது என்று விற்கப்போகும் தொட்டிக்குள் மிதவை மீன் கலந்தால் அந்தத் தொட்டியே தகுதி இழக்கும்.

வாரக்கணக்கில் தனி ஆளாக, தான் குற்றம் எழுதவேண்டிய ஆட்களோடேயே சாப்பிட்டுத் தூங்க வேண்டும். கடலில் காணாமல்போனவர்கள் உண்டு. 2020-ல் கிரிபாஸைச் சேர்ந்த ஒரு பார்வையாளர் கப்பலிலேயே இறந்தார். தனியாகத் தகவல் அனுப்பும் செயற்கைக்கோள் கருவி கையில் இல்லாமல் கப்பலேறாதீர்கள். ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களுக்கு இந்தக் கட்டாயம் வெறும் 5 விழுக்காடுதான். அந்தப் பக்கம் இன்னும் இருட்டு.

புவியியல் ஆசிரியர், திண்டுக்கல்: எல் நினோ வந்தால் யாருக்கு லாபம்?

வெந்நீர்ப் பரப்பு கிழக்கே நீளும், வரிச்சூரையும் கூடவே போகும். கிரிபாஸுக்கு லாபம், பப்புவா நியூ கினிக்கு நஷ்டம். லா நினாவில் நேர்மாறு. நாளைக் கைமாற்றும் வசதி இந்த ஆட்டத்தைத் தாங்கத்தான். ஆனால் பருவநிலை மாற்றம் திரும்பி வராத நகர்வு. வெப்பவாயு வெளியீடு குறையாவிட்டால், 2050-க்குள் பத்துத் தீவு நாடுகளின் கடலில் சூரை சராசரியாக 13 விழுக்காடு குறைந்து பொதுக்கடலுக்குப் போய்விடும் என்று 2021-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 811 சதுர கிலோமீட்டர் நிலமும் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலும் உள்ள கிரிபாஸுக்கு வேறு வருமானம் என்ன இருக்கிறது?

படகு உரிமையாளர், தூத்தூர் (மறுபடியும்): நம்ம இந்தியப் பெருங்கடல்ல இதே மாதிரி செஞ்சா கேரை மீன் (மஞ்சள் துடுப்புச் சூரை) மிஞ்சுமே அண்ணே?

அங்கே எண்ண வேண்டியது சில நூறு பெரிய கப்பல்கள். இங்கே ஈரான், ஓமன், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, இந்தோனேசியா என்று ஆயிரக்கணக்கான சின்னப் படகுகளும் செவுள்வலைகளும். சீஷெல்ஸின் விக்டோரியாவில் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இருக்கிறது. ஆனால் ஒரு முடிவு பிடிக்காத நாடு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அது அந்த நாட்டைக் கட்டாது. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் மிதவைக்கு 72 நாள் தடை என்று ஓட்டெடுப்பில் நிறைவேற்றினார்கள். பல உறுப்பு நாடுகள் ஆட்சேபித்ததால் அது அமலுக்கே வரவில்லை. கரைநாடுகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. தூண்டில்கோலில் பிடிக்கும் மாலத்தீவுக்கும், ஐரோப்பியச் சுருக்குமடிகளுக்கு உரிமம் விற்கும் சீஷெல்ஸுக்கும் நலன் வேறு வேறு.

ஏற்றுமதி நிறுவன ஊழியர், நீர்கொழும்பு: எங்கள் மீனுக்கு ஐரோப்பா தடை போட்டது நியாயமா?

கடுமைதான், ஆனால் திடீரென்று வந்ததல்ல. 2012-ல் எச்சரிக்கை, 2015 ஜனவரியில் தடை, 2016 ஜூனில் நீக்கம். சொன்ன குறைகள்: ஆழ்கடலுக்குப் போகும் நெடுநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவி இல்லை, தண்டப்பணம் பயப்படும்படி இல்லை, வட்டார ஆணையத்தின் விதிகள் உள்நாட்டுச் சட்டத்துக்கு வரவில்லை. கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்திய பிறகே கதவு திறந்தது. இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது பிடிப்புச் சான்றிதழ். படகின் பதிவேடு, கருவி காட்டிய இருப்பிடம், இறக்கிய எடை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கொள்கலன் அங்கே துறைமுகத்திலேயே நிற்கும்.

விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்: உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் டீசல் வரிவிலக்கு போய்விடுமா?

2022 ஜூனில் ஏற்று, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தைக் கேட்கிறீர்கள். மீனவருக்கென்றே தரும் வரிவிலக்கும் மானியக் கணக்கில் சேரும் என்பது சரி. ஆனால் இந்த ஒப்பந்தம் தடுப்பது மூன்று: சட்டவிரோத மீன்பிடிப்புக்கு மானியம், மீட்கும் ஏற்பாடில்லாமல் அருகிவரும் மீன்வளத்தைப் பிடிக்க மானியம், எந்த ஆணையத்துக்கும் உட்படாத பொதுக்கடலில் பிடிக்க மானியம். பொதுவாகப் படகுகள் பெருகுவதற்குத் தரும் மானியத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை, டீசல் சண்டை அங்கேதான். உங்கள் ஊருக்கு இந்த மூன்றில் முதலாவதுதான் முக்கியம். இரு நாடும் ஒப்பந்தத்தை ஏற்றிருந்து, எல்லை தாண்டிப் பிடித்ததை எதிர்த்தரப்புக் கரைநாடு முறைப்படி விசாரித்து உறுதி செய்தால், அந்தப் படகுக்கு மானியம் நிறுத்த வேண்டிவரும். ஏற்காத நாட்டை இது கட்டாது.

இல்லத்தரசி, சிங்கப்பூர்: கடையில் டின் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

நீல மீன் முத்திரை (வளம் குன்றாமல் பிடித்த மீனுக்கு எம்.எஸ்.சி. என்ற அமைப்பின் அடையாளம்) மட்டும் இருந்தால், மிதவை இல்லாமல் பிடித்தது என்று அர்த்தமில்லை. அது தனியாக எழுதியிருக்க வேண்டும். தூண்டில்கோலில் பிடித்தது என்றிருந்தால் இன்னும் நல்லது. இனத்தின் பெயர் கட்சுவோனஸ் பெலாமிஸ் என்றிருந்தால் வரிச்சூரை, அதாவது மாசி செய்கிற அதே மீன். பிடித்த இடத்துக்கு ஒரு எண் போட்டிருந்தால், 71 மேற்கு மத்திய பசிபிக், 51-உம் 57-உம் இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும். வெறும் ‘சூரை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த டின்னை நான் எடுக்க மாட்டேன்.